அறுபத்தோராம் பெயர்

“என் பொண்ணு உயிரோட இருக்கா, தம்பி. நான் சொல்லலை. முனிசிபாலிட்டியே எழுதி ஒட்டியிருக்கு.”

ரொட்டிக்கடை மாடியில் இருந்த அந்த ஒற்றை அறைக்குள் காலை எட்டு மணிக்கு நுழைந்த எர்மோ பக்சால், உட்காராமலேயே இதைச் சொன்னார். அறுபத்து மூன்று வயது மீனவர். அவசரமாகச் சவரம் செய்ததில் தாடையில் இரண்டு வெட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையை இந்த வியாழக்கிழமை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

சிப்ரியானோ அபெலார் காபிக் கோப்பையை மேஜைமேல் வைத்தான். எர்மோவின் மகள் நெரிசாவைப் பற்றி அவனுக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன் இந்த சான் இரெனியோ ஊரைக் கடல் புகுந்து அடித்துக்கொண்டு போன அந்தப் புயல் நாளோடு காணாமல் போனவள். அப்போது அவன் போலீசில் இருந்தான். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் வரிசையாகக் கிடத்திய முப்பத்தேழு உடல்களுக்கு நம்பர் போட்டுப் பட்டியல் எழுதியவன் அவன்தான். அதற்கு அடுத்த மாதமே வேலையை விட்டான். இப்போது துப்பறிகிறான்.

“என்ன எழுதி ஒட்டியிருக்காங்கண்ணே?”

எர்மோ சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மூலையில் பசை காயாமல் இருந்தது.

“அண்ணே, நோட்டீஸ் போர்டுலேருந்து கிழிச்சிட்டீங்களா?” என்றாள் டெல்ஃபா. சிப்ரியானோவின் உதவியாள். நாற்பத்தாறு வயது. அவனுக்கு வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, அவன் கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்பது எல்லாம் அவள்தான். “அரசாங்கக் காகிதத்தைக் கிழிச்சா ஆறு மாசம் உள்ள. பரவாயில்ல, அங்க சோறு நேரத்துக்கு வரும்.”

தாளை சிப்ரியானோ விரித்தான். ஆல்கோரிஸா மீன் ஆலை இரண்டாவது கட்டடம் கட்டப் போகிறது. அதற்குப் பத்து வருஷம் நிலவரி வேண்டாம் என்று ஊர் மன்றத்திடம் கேட்டிருக்கிறது. மன்றத்தின் விதி ஒன்றுதான்: புதுப் பிரிவின் நூற்றிருபது பேரில் எண்பத்து நாலு பேராவது இந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். இது, பழைய கட்டடத்தில் பயிற்சிக்கு எடுத்துவிட்ட அந்த எண்பத்து நாலு பேரின் பட்டியல். இன்று மத்தியானம் இரண்டு மணிக்கு மன்றம் கூடி முடிவெடுக்கிறது. ஊரே அந்தக் கட்டடத்துக்காக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது.

“எண்பத்தி நாலு கேட்டாங்க, எண்பத்தி நாலு குடுத்திருக்காங்க. ஒண்ணு கூடுதலும் இல்ல, ஒண்ணு குறைச்சலும் இல்ல,” என்றாள் டெல்ஃபா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. “நான் பன்னெண்டு முட்டை வாங்கினாலே ஒண்ணு உடைஞ்சு வருது.”

அறுபத்தொன்றாம் வரியில் எர்மோவின் விரல் நின்றது. நெரிசா பக்சால். பிறந்த தேதி. தெரு. பக்கத்தில் ஒரு கையெழுத்து.

“அன்னைக்குக் காலையில மணிலாவுக்கு வேலைக்குப் போறேன்னா. நான் சத்தம் போட்டேன். போனா இந்த வாசலைத் திரும்ப மிதிக்காதேன்னு சொல்லிட்டேன். பையைத் தூக்கிட்டு இறங்கிட்டா. சாயங்காலம் புயல்.” எர்மோ பட்டியலில் இருந்த அந்தப் பெயரைத் தடவினார். “அவ பஸ்ஸைப் பிடிச்சுட்டா தம்பி. எனக்கு அப்பவே தெரியும். என் ரத்தம்தானே, என் கோவம்தானே அவளுக்கும் இருக்கும். எட்டு வருஷம் கோவிச்சுக்கிட்டு இருந்தா. இப்ப வந்துட்டா. வீட்டுக்கு வரத்தான் கூச்சப்படுறா.”

“வீட்டுல கொன்ராடா அக்காவுக்குத் தெரியுமா?”

“சொல்லலை. கையோட கூட்டிட்டுப் போய் அவ முன்னாடி நிறுத்தணும். நீ மட்டும் எங்க தங்கியிருக்கான்னு பார்த்துச் சொல்லிடு. நானே நேரா போய் நின்னா ஓடிடுவாளோன்னு பயமா இருக்கு.”

ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று மகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். அட்டையில் வளைத்து வளைத்து எழுதிய பெயர். சிப்ரியானோ நோட்டையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். எழுத்து எழுத்தாக விரலால் தொட்டுப் பார்த்தான்.

“அண்ணே, உங்க பொண்ணு பேருல எத்தனை ‘எஸ்’ எழுத்து?”

எர்மோவின் முகம் மலர்ந்தது. “ரெண்டு. பிறப்புப் பதிவு எழுதின குமாஸ்தா ஒண்ணை முழுங்கிட்டான். விவரம் தெரிஞ்ச நாள்லேருந்து அவளுக்கு அதுல ஒரே ஆத்திரம். எங்க எழுதினாலும் ரெண்டுதான் போடுவா, அழுத்திப் போடுவா.”

நோட்டில் இரண்டு இருந்தது, அழுத்தமாக. பட்டியலில் ஒன்றுதான். கையெழுத்திலும் ஒன்றுதான்.

சிப்ரியானோ அதைச் சொல்லவில்லை. “கீழ ரொட்டிக்கடையில உட்காருங்கண்ணே. நான் வந்து சொல்றவரைக்கும் எங்கயும் போகாதீங்க,” என்றான்.

எர்மோ தலையாட்டிவிட்டு இறங்கினார். படியில் நின்று, “அவளுக்குத் தேங்காய் ரொட்டி பிடிக்கும். சூடா போட்டதும் ரெண்டு எடுத்து வைக்கச் சொல்றேன்,” என்றார்.

டெல்ஃபா வண்டியைக் கிளப்பினாள். பக்கத்தில் தொட்டில் வைத்த மோட்டார் சைக்கிள் அது. சிப்ரியானோ தொட்டிலுக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்ததும், “பாஸ், தன் பேரைத் தானே தப்பா எழுதுவாங்களா?” என்றாள்.

“மாட்டாங்க. அந்தப் பேரைப் பிறப்புப் பத்திரத்துல பார்த்து எழுதினவங்கதான் அப்படி எழுதுவாங்க.”

“அப்ப அவ இல்ல.”

“இல்லாமலும் இருக்கலாம், அவளாவும் இருக்கலாம். ஆலைக்காரன் பத்திரத்தைப் பார்த்து டைப் பண்ணி, அதுல இருக்கிற மாதிரியே கையெழுத்துப் போடுன்னு சொல்லியிருக்கலாம். பத்திரத்தோட நகல் யார் வாங்கினாங்கன்னு பார்ப்போம்.”

“இருக்கட்டும்னு வேண்டிக்கிறேன்,” என்றாள் டெல்ஃபா. “என் புருஷன் சவூதிக்குப் போயி பதிமூணு வருஷம் ஆச்சு. அவன் திரும்பி வந்தா கதவைச் சாத்திடுவேன். ஆனா யாராவது ஒருத்தராவது திரும்பி வந்து நான் பார்க்கணும்.”

முனிசிபல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பதிவு அலுவலகம். குமாஸ்தா ப்ருடென்சியோ வேகவைத்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டே பெரிய நோட்டைத் திருப்பினார்.

“இந்தப் பேரை முழுங்கினது நீங்கதானா சார்?” என்றாள் டெல்ஃபா.

“எதை?”

“ஒரு எஸ்ஸை. கடலைன்னு நினைச்சிருப்பீங்க.”

“அது என் முன்னாடி இருந்தவர்ம்மா. செத்தும் போயிட்டார்.” விரல் ஒரு வரியில் நின்றது. “இதோ. அஞ்சு மாசம் முன்னாடி நகல் வாங்கியிருக்கு. காரணம்: வேலைக்கு. வாங்கினவர், தாயார், கொன்ராடா பக்சால்.”

டெல்ஃபா சிப்ரியானோவின் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள். வராந்தாவுக்கு வந்ததும் அடக்கமாட்டாமல் கத்தினாள். “அம்மாக்காரிக்குத் தெரியும் பாஸ்! பொண்ணு வந்திருக்கா, அம்மாவைப் பார்த்திருக்கா, அப்பனுக்குப் பயந்துக்கிட்டு ரெண்டு பேரும் மறைச்சிருக்காங்க. ஒரு எஸ்ஸு என்ன, ஒம்பது எஸ்ஸு போனாத்தான் என்ன!”

சிப்ரியானோவும் அதை நம்ப விரும்பினான். அவன் எழுதிய முப்பத்தேழு பேர் பட்டியலில் அந்தப் பெண் இல்லாமல் இருந்தால் போதும். வேறொன்றும் அவனுக்கு வேண்டாம்.

பின்னாலேயே வந்த ப்ருடென்சியோ, “ரெண்டு மணிக்கு மேல வந்து பாருங்க, நல்ல கூத்து,” என்றார். “கவுன்சிலர் லுடோவிகோ இந்த வரித் தள்ளுபடிக்கு ஆகாதவர். அந்த வரியில ஒரு பங்கு பள்ளிக்கூடத்துக்குப் போகுது, அது நின்னுடுமேன்னு அவருக்கு ஆதங்கம். காகிதத்துல இருக்கிற பேரு மீன் வெட்டாது, ஆளைக் கொண்டாந்து நிறுத்துங்கன்னு நேத்து சொல்லிட்டார். எண்பத்தி நாலு பேரையும் பேர் சொல்லிக் கூப்பிடப் போறாங்க.”

ஆலையின் மத்தியானச் சங்கு பன்னிரண்டுக்கு ஊதியது. வெள்ளை வலைத்தொப்பியும் மஞ்சள் ரப்பர் பூட்ஸுமாகப் பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். மீன் நாற்றமும் சிரிப்புமாக வாசல் நிறைந்தது.

“எல்லாரும் ஒரே அச்சு. எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்றான் சிப்ரியானோ.

“துப்பறியறது நீங்கன்னு போர்டு போட்டிருக்கீங்க. வேலை செய்யறது நான்.” டெல்ஃபா வண்டியின்மேல் ஏறி நின்று கையைக் குவித்தாள். “ஏய் நெரிசா! உன் பையில ஓட்டைடீ, எல்லாம் கொட்டுது பாரு!”

பக்கத்திலிருந்த நாலைந்து பேர் தங்கள் பையைப் பார்த்தார்கள். பச்சைக் குடையோடு போன ஒருத்தி மட்டும் திரும்பவே இல்லை. கூட வந்தவள் முழங்கையால் இடுப்பில் ஒரு இடி இடித்ததும்தான் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

டெல்ஃபா மெதுவாக இறங்கினாள். குரலில் இருந்த துள்ளல் போயிருந்தது. “சொந்தப் பேருன்னா காது திரும்பும் பாஸ். இவளுக்கு முழங்கை வேண்டியிருக்கு.”

அந்தப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுகூட இருக்காது. நெரிசா இருந்திருந்தால் இருபத்தேழு. சிப்ரியானோ தன்னை யாரென்று சொன்னதும் பச்சைக் குடையைத் தன் முகத்துக்கு முன்னால் இறக்கிக்கொண்டாள்.

“போலீஸ்ல சொல்லிடாதீங்க சார். நான் மைலா. லிபுகன் தீவு. போன வருஷம் எங்க தீவுல ஒண்ணுமே மிஞ்சலை. காகிதமும் போச்சு, காகிதம் குடுக்கிற ஆபீசும் போச்சு. இங்க வேலை கேட்டேன். உள்ளூர்ப் பத்திரம் இருந்தா வா, இல்லைன்னா வராதேன்னாங்க.”

“இந்தப் பத்திரம் யார் குடுத்தது?”

“பின்வாசல்ல சோத்துக்கடை வெச்சிருக்கிற அம்மா. நான் அவங்க கடை வாசல்ல உட்கார்ந்து அழுதுட்டிருந்தேன். பேசாம ஒரு தட்டுல சோறு வெச்சாங்க. அடுத்த வாரம் இந்தக் காகிதத்தைக் கொண்டாந்து குடுத்தாங்க.”

“என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“இந்தப் பேருக்குச் சொந்தக்காரி இனிமே வரமாட்டா. நீ வெச்சுப் பொழைச்சுக்கோன்னாங்க.”

சிப்ரியானோ குனிந்தான். “நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. வரலைன்னு சொன்னாங்களா, வரமாட்டான்னு சொன்னாங்களா?”

“வரமாட்டான்னுதான் சார்.”

வரவில்லை என்பதற்கும் வரமாட்டாள் என்பதற்கும் நடுவில் ஒரு சவப்பெட்டி நீளம் இருந்தது. எட்டு வருஷமாகப் புருஷன் முதல் வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதே கூரையின்கீழ் பெண்டாட்டிக்கு இரண்டாவது வார்த்தை எப்படித் தெரிந்தது?

சிப்ரியானோ ஆலைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். அந்தப் பள்ளிக்கூடத்துக் கூடம் அப்படியே அவன் கண்முன் வந்தது. ஈரத் தரை. பலகைமேல் உடல்கள், தண்ணீரில் ஊறி முகம் அடையாளம் தெரியாமல். கையில் பேனாவோடு அவன். எர்மோ வர மறுத்துவிட, கொன்ராடா மட்டும் ஒவ்வொரு துணியாக விலக்கிப் பார்த்து, இல்லை, இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் மட்டும் நின்றாள். துணி கட்டையாக இருந்ததால் அங்கே பாதங்கள் வெளியே தெரிந்தன. ‘காலை மூடி விடுங்க சார், காத்து அடிக்குது’ என்றாள். அவன் வேறொரு துணி கொண்டுவந்து போட்டான். அதற்கும் இல்லையென்று தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போனாள். எவ்வளவு இரக்கமுள்ள பெண் என்று அன்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொண்டே அந்த நம்பருக்கு நேராக, ‘உரிமை கோர யாருமில்லை’ என்று எழுதினான்.

கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. கொன்ராடா பொரித்த மீன் தட்டைத் துணியால் மூடிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, நரைத்த கொண்டை.

“அக்கா, மைலாகிட்ட பேசிட்டு வர்றோம்.”

“அவளை ஒண்ணும் பண்ணிடாதே சிப்ரியானோ. தப்பு என்னோடது.”

“நான் அதுக்கு வரலை. பள்ளிக்கூடத்துல முப்பத்தேழு பேரைப் பார்த்தீங்க. ஒருத்திக்கு மட்டும் காலை மூடச் சொன்னீங்க.”

கொன்ராடாவின் கை துணிமேல் நின்றது. அப்புறம் துணியின் மூலையைச் சரிசெய்தது. மறுபடியும் சரிசெய்தது.

“அவளுக்கு எப்பவும் கால் மட்டும் சில்லுன்னு இருக்கும்,” என்றாள். “பத்தொம்பது வயசு ஆகியும், தூங்கறப்ப என் முதுகுல காலை வெச்சுச் சூடு பண்ணிக்குவா. தள்ளிப் படுடீன்னு திட்டுவேன்.”

டெல்ஃபா திரும்பி நின்றுகொண்டாள்.

“ஏன்க்கா அப்பவே சொல்லலை?”

“அந்த மனுஷன் அன்னைக்கு என்ன சொல்லி அனுப்பினார்னு உனக்குத் தெரியுமில்ல? வாசலை மிதிக்காதேன்னுட்டார். அவ எங்க போனா தெரியுமா? பஸ்ஸுக்கில்ல. படகுத்துறைக்குப் போயி, இவர் சமாதானமாகி வந்து கூப்பிடுவார்னு வலைக் கொட்டகையில உட்கார்ந்திருந்திருக்கா. கூட இருந்து பிழைச்ச பொம்பளை ஒருத்தி சொன்னா. அப்பா வருவார்னு சொல்லிட்டே இருந்தாளாம்.” குரல் உடையாமல், மீன் விலை சொல்கிற மாதிரி சொன்னாள். “கோவிச்சுக்கிட்டு மணிலாவுல இருக்கான்னு நினைச்சா அவர் பொழைச்சுக் கிடப்பார். இதைச் சொன்னா அன்னைக்கே கயித்தைத் தேடியிருப்பார். ஒருத்தியைப் புதைச்சாச்சு. இன்னொருத்தரையும் புதைக்கச் சொல்றியா? அதான், என் பொண்ணு இல்லைன்னுட்டேன். பெத்தவ நான். மூணு தடவை சொன்னேன், இல்லை, இல்லை, இல்லைன்னு.”

தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தாள். “அந்தப் பேரு சும்மாதான் கிடந்தது. அது ஒரு உசிருக்குச் சோறு போட்டா போடட்டுமேன்னு குடுத்தேன். ரெண்டு மணிக் கூட்டம் முடியட்டும் தம்பி. அந்தப் பொண்ணுக்கு வேலை நிலைக்கட்டும். அப்புறம் நானே அவர்கிட்ட சொல்லிடறேன்.”

“அக்கா, அண்ணன் அந்தப் பட்டியலைப் பார்த்துட்டார். காலையிலேருந்து ரொட்டிக்கடையில உட்கார்ந்திருக்கார்.”

கொன்ராடா ஏப்ரனை அவிழ்க்காமலே கடையை விட்டு இறங்கினாள். டெல்ஃபா ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். கேட்டுவிட்டு மெல்ல இறக்கினாள்.

“கிளம்பிட்டாராம். ஆலை ஆளுங்களை எல்லாம் முனிசிபல் ஹால்ல பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கடையில யாரோ பேசினாங்களாம். ரொட்டியைக் கையில எடுத்துட்டு ஓடினாராம்.”

மூன்று பேரையும் சுமந்துகொண்டு வண்டி முனகியது. சந்தைச் சந்தில் ஒரு ஜீப் குறுக்கே நின்றது. டெல்ஃபா அந்த ஓட்டுநரின் பரம்பரையை ஒரே மூச்சில் விசாரித்து முடித்ததும் அது நகர்ந்தது. முனிசிபல் மாடிப்படி ஏறும்போதே ஒலிபெருக்கியில் செயலாளரின் குரல் கேட்டது.

“ஐம்பத்து நான்கு. பெலாஹியா தூமங்.”

“இருக்கேன்!”

கூடம் பிதுங்கியது. மேடையில் துணை மேயர் அசுந்தாவும் எட்டுக் கவுன்சிலர்களும். வலப்பக்கம் மஞ்சள் பூட்ஸோடு ஆலைப் பெண்கள் வரிசையாக. முதல் பெஞ்சில், இடைவழி ஓரமாக, அந்த வெள்ளைச் சட்டை.

“வழி விடுங்க, வழி விடுங்க,” என்று சிப்ரியானோ உள்ளே நுழைந்தான். வேலை கிடைக்கப்போகும் பிள்ளைகளின் அப்பன்மார்களும் அண்ணன்மார்களும் சுவர்போல் நின்றார்கள். ஐம்பத்தேழு. ஐம்பத்தெட்டு. “அண்ணே!” என்று கத்தினான். ஒலிபெருக்கி அதை விழுங்கியது. எர்மோ ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் காகிதப் பொட்டலம்.

“அறுபத்தொன்று. நெரிசா பக்சால்.”

பதில் இல்லை.

பெண்களின் மூன்றாவது வரிசையில் மைலா தலையைக் குனிந்திருந்தாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவள் இடுப்பில் இடித்தாள். அவள் எழவில்லை.

“நெரிசா பக்சால்!” என்றார் செயலாளர் மறுபடி.

எர்மோ எழுந்து நின்றார். பெண்கள் பக்கம் திரும்பினார். யாரை நோக்கிப் பேசுவதென்று தெரியாமல் எல்லோரையும் நோக்கிப் பேசினார்.

“வாம்மா. அப்பா இனிமே ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ எங்க வேணும்னாலும் போ, எங்க வேணும்னாலும் வேலை பாரு. கையைத் தூக்கு, போதும். நான் பார்த்துட்டுப் போயிடறேன்.”

பின்னால் நின்றவர்கள் யாரும் சொல்லாமலே ஒதுங்கினார்கள். அந்த வழியில் கொன்ராடா நடந்துபோனாள். கடை ஏப்ரனோடு, எண்ணெய் பிசுக்கான கையோடு போய், புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

“அவ இனிமே வரமாட்டா. அவ செத்துட்டா. அன்னைக்கே செத்துட்டா. நான் பார்த்தேன்.”

எர்மோ அவளைப் பார்த்தார். காது கேளாதவர் உதட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“நீ இல்லைன்னு சொன்னியே.”

“சொன்னேன்.”

“எங்க இருக்கா?”

“பள்ளிக்கூடத்துக்குப் பின்னால. எல்லாரோடயும்.”

அவர் உட்கார்ந்தார். பொட்டலம் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. மைலா வரிசையை விட்டு ஓடி வந்து அவர் காலடியில் மண்டியிட்டு, என்னை மன்னிச்சிடுங்க, என்னை மன்னிச்சிடுங்க என்று அழுதாள். அவர் அவளை விலக்கவும் இல்லை, தொடவும் இல்லை.

ஆலை வக்கீல்தான் முதலில் வாய் திறந்தார். “மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஒரு எழுத்தர் பிழை. எண்பத்து மூன்று பேர் இருக்கிறார்கள். ஒரு பெயருக்காக—”

“விதி எண்பத்தி நாலுன்னு சொல்லுது,” என்றார் துணை மேயர்.

“ஒரு தலைதானே குறையுது!” என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

எல்லோரும் லுடோவிகோவைப் பார்த்தார்கள். ஆளைக் கூப்பிடச் சொன்னவர் அவர்தான். அவர் இதில் ஜெயித்திருந்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். “நான் ஆலையைப் பிடிக்கணும்னுதான் கேட்டேன்,” என்றார் கம்மிய குரலில். “இதைக் கேட்கலை.”

வாக்கெடுப்பு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. தள்ளுபடி வேண்டும் என்று மூன்று கை, வேண்டாம் என்று ஐந்து. ஒரு வருஷத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. அதுவரை கம்பெனி காத்திருக்காது, அடுத்த ஊரில் இடம் பார்த்தாயிற்று என்று வக்கீல் தாள்களை அடுக்கியபடி சொல்லிவிட்டுப் போனார். மஞ்சள் பூட்ஸ்கள் சத்தமில்லாமல் படியிறங்கின.

வாசலில் ஒருவன் காறித் துப்பினான். “செத்தவ ஒருத்திக்காக எத்தனை பேர் சோத்துல மண்ணு.”

டெல்ஃபா அவனுக்கு நேரே போய் நின்றாள். “வீட்டுக்குப் போப்பா,” என்றாள். “உன் பிள்ளைங்க இருக்காங்களான்னு பாரு.”

நாலு மணி வெயிலில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவர்கள் போனார்கள். குட்டைச் சுவருக்குள் சிமெண்ட் மேடைகள், பெயரில்லாமல், நம்பர் மட்டும். கொன்ராடா வழி காட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு மேடையைச் சுற்றித்தான் புல் பிடுங்கியிருந்தது. அதன் கால்மாட்டில் நைந்துபோன ஒரு கம்பளித் துண்டு, கல் வைத்து மடித்துக் கிடந்தது.

எர்மோ அதை வெகுநேரம் பார்த்தார்.

“எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வருவே?”

“ஞாயித்துக்கிழமை. நீங்க பூசை முடிஞ்சு ஆளுங்களோட பேசிட்டு நிப்பீங்களே, அப்ப.”

“தனியாவா?”

கொன்ராடா கம்பளித் துண்டின் மேலிருந்த கல்லைச் சரிசெய்தாள்.

“வலைக் கொட்டகையில உட்கார்ந்திருந்தாளாமே. வர்ற வழியில டெல்ஃபா சொன்னா. நான்தான் சொல்லச் சொன்னேன், எல்லாத்தையும் சொல்லுன்னேன்.” சிமெண்ட் மேடையில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்திருக்க வேண்டும், கையை எடுக்கவில்லை. “அவ வருவா வருவான்னு நான் வாசல்ல உட்கார்ந்திருந்தேன். அவ அங்க நான் வருவேன்னு உட்கார்ந்திருந்திருக்கா. அரை மைல். நடந்தா பத்து நிமிஷம்.”

சிப்ரியானோ சட்டைப் பையிலிருந்து பேனாவையும் ஒரு மனுக் காகிதத்தையும் எடுத்தான். பழைய பட்டியலைத் திருத்த மனு எழுத வேண்டும், பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லத்தான் வந்திருந்தான். அதற்கு முன் எர்மோவே கையை நீட்டி வாங்கிக்கொண்டார். முழங்கால்மேல் காகிதத்தை வைத்து, சிப்ரியானோ காட்டிய இடத்தில், தன் பெயரை எழுதினார். பேனாவைப் பெண்டாட்டி பக்கம் நீட்டினார். முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

கொன்ராடா ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். ‘உறவு’ என்று இருந்த கட்டத்துக்கு எதிரே, ஒவ்வோர் எழுத்தாக, தாய் என்று எழுதினாள்.